மணல் விலகிய பன்னிரண்டு நாள்கள்

இரவு இரண்டரை மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினான் கப்பலில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன். "மேடம், சோனார் அறைக்கு ஒரு நிமிடம் வர முடியுமா?" என்றான். கேட்ட விதத்திலேயே என் தூக்கம் கலைந்துவிட்டது. கருவி பழுதானால் யாரும் இந்தக் குரலில் கூப்பிடமாட்டார்கள்.

திரையில் கடலடி பழுப்பு நிறத்தில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மணல், மணல், மீண்டும் மணல். பிறகு, யாரோ நூல் பிடித்து அடுக்கியது போல ஒரு கல் வரிசை. ஒவ்வொரு கல்லும் ஏறத்தாழச் சதுரம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. அறுபது மீட்டர் நேராக ஓடிய வரிசை, அங்கே செங்கோணத்தில் திரும்பி, இன்னும் பத்து மீட்டர் போய் மணலுக்குள் மறைந்தது. மூன்று மாதங்களுக்கு முன் இதே தடத்தில் கப்பலை ஓட்டியிருந்தோம். அப்போது இங்கே ஒன்றும் கிடையாது. இடையில் ஒரு பெரும்புயல் கடந்துபோயிருந்தது. புயலுக்குப் பின் கடலடி எப்படி மாறியிருக்கிறது என்று அளக்கத்தான் மறுபடி வந்திருந்தோம்.

"சுவர்தானே மேடம்?"

"சுவர் மாதிரிதான் இருக்கிறது" என்றேன்.

பதினெட்டு வருடங்களாகக் கடலடி அளவைப் பணியில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் பேசியவற்றில் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்புவது அந்த மூன்று சொற்களைத்தான். அவன் 'மாதிரி'யை விட்டுவிட்டு, 'சுவர்' என்பதை மட்டும் லாக் புத்தகத்தில் எழுதினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மூத்தவள் வாயிலிருந்து வந்த சொல் அது. காலையில் படத்தைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் முதலில் லாக் புத்தகத்தைப் படித்தார்கள், பிறகு படத்தைப் பார்த்தார்கள். மதியத்துக்குள் அந்தச் சுவருக்கு ஒரு வாசலும் இரண்டு படிகளும் கிடைத்துவிட்டன.

எங்கள் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கவாட்டு சோனார் என்பது கப்பலுக்குப் பின்னால் கேபிளில் இழுத்துச் செல்லப்படும் ஒரு நீண்ட குழல். நாங்கள் அதை 'மீன்' என்று கூப்பிடுவோம். மீன் தன் இரு பக்கமும் ஒலியை வீசும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் வலிமையை வைத்துத் திரையில் ஒரு வரி விழும். கல் பளிச்சென்று தெரியும், மென்சேறு மங்கிப்போகும். கல்லுக்குப் பின்னால் ஒலி எட்டாத இடத்தில் நிழல் விழும். எங்கள் வேலையில் பொருளைவிட அதன் நிழலைத்தான் அதிகம் நம்புவோம். மீன் தரைக்கு 10 மீட்டர் மேலே போகிறது, நிழலின் நீளம் 6 மீட்டர், மீனிலிருந்து நிழலின் நுனிக்கு 60 மீட்டர் என்றால், பத்தை ஆறால் பெருக்கி அறுபதால் வகுத்துவிடலாம். கல்லின் உயரம் 1 மீட்டர்.

அன்று இரவே இந்தக் கணக்கைப் போட்டேன். ஒரு கல்கூட 1 மீட்டரைத் தாண்டவில்லை. பெரும்பாலானவை முழங்கால் உயரம். அவையெல்லாம் ஏறத்தாழ ஒரே உயரம். இடிந்த சுவர் இப்படி இருக்காது; ஓரிடத்தில் இடுப்பளவு நிற்கும், இன்னோரிடத்தில் சரிந்து குவியலாகக் கிடக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் 'அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது' என்று மனம் உடனே பதில் சொல்லிவிட்டது. மனத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால், வருகிற கணக்கையெல்லாம் அந்தப் பெயரின் பேரிலேயே வரவு வைக்கும்.

கடல் இன்னும் தணியவில்லை. நான்காம் நாள்தான் மூழ்க முடிந்தது. காத்திருந்த நாள்களில் பையன் என்னை விடவில்லை. புயல் எப்படி இவ்வளவு மணலை அள்ளியது என்று கேட்டான். கரையில் நிற்பவர்கள் புயலைக் காற்றாக அறிகிறார்கள். கடலடியில் வேலை செய்பவர்கள் அதை அலையின் கால இடைவெளியாக அறிகிறோம். முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையே 6 நொடி என்றால், ஆழமான நீரில் அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் பாதி ஆழத்துக்குத்தான் இறங்கும், அதாவது 28 மீட்டர். பெரும்புயல் 14 நொடி அலைகளை எழுப்பினால் நீளம் 300 மீட்டரைத் தாண்டிவிடும். அப்போது 100 மீட்டர் ஆழத்தில் வருடக்கணக்காக அசையாமல் கிடந்த மணலும் அந்த ஆட்டத்தை உணரும். 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி மெக்சிகோ வளைகுடாவைக் கடந்தபோது, கடலடியில் வைத்திருந்த அழுத்த உணரிகள் 27.7 மீட்டர் உயரமான ஓர் அலையைப் பதிவு செய்தன. அப்படிப்பட்ட அலைகள் தலைக்கு மேலே போகும்போது தரையில் மணல் படுக்கையாகக் கிடக்காது, நீரோடு நீராக எழுந்துவிடும்.

எழுந்த மணல் நீரோட்டம் இழுக்கும் பக்கம் போய் எங்கோ அமரும். கல் இருக்கும் இடத்தில் நீர் சுழன்று அதைச் சுற்றிக் குழி பறிக்கும். பிறகு கடல் தணிந்ததும் சிறிய அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரும். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது. எப்படியும் புயல் திறந்து காட்டுவது தற்காலிகமாகத்தான்.

பையன் பேச்சில் பிமினியைக் கொண்டுவந்தான். 1968 செப்டம்பர் 2 அன்று பஹாமாஸின் வடக்கு பிமினித் தீவுக்கு அருகே, ஐந்தாறு மீட்டர் ஆழத்தில், மேன்சன் வாலன்டைனும் அவரோடு மூழ்கியவர்களும் ஏறத்தாழ 800 மீட்டர் நீளக் கல் வரிசை ஒன்றைக் கண்டார்கள். மூச்சடக்கி மூழ்குவதில் உலகப் புகழ் பெற்ற ஜாக் மாயோலும் அவர்களில் ஒருவர். தளம் போட்ட சாலை போல இருந்ததால் 'பிமினி சாலை' என்ற பெயர் வந்தது. கதைகளில் வரும் மூழ்கிய தீவான அட்லாண்டிஸ் இதுதான் என்றார்கள். புவியியலாளர்கள் கல்லைத் துளைத்துப் பார்த்தபோது அது கடற்கரைப் பாறை என்று தெரிந்தது. அலை ஏறி இறங்கும் விளிம்பில், கடல்நீரிலிருந்து பிரியும் சுண்ணாம்பு மணலையும் சிப்பித் துண்டுகளையும் ஒட்டிக் கல்லாக்கிவிடும். இதற்கு யுகங்கள் தேவையில்லை. கண்ணாடி பாட்டில் பதிந்த கடற்கரைப் பாறைகள்கூட உண்டு. அந்தப் பாறைத் தகடு வெடித்துக் கட்டம் கட்டமாகப் பிரியும், அடியிலுள்ள மணல் அரித்ததும் கட்டங்கள் அப்படியே உட்கார்ந்துவிடும்.

ஜப்பானின் யோனாகுனியை அவன் எடுத்தபோது நானே கொஞ்சம் தடுமாறினேன். அந்தப் படங்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். சுத்தியல் தலைச் சுறாக்களைத் தேடிப்போன கிஹாச்சிரோ அரடாகே 1980களின் நடுவில் கண்ட அந்தப் பாறைக்குப் படிகள், மேடைகள், கூர்மையான மூலைகள் எல்லாம் உண்டு. ரியூக்யூ பல்கலைக்கழகத்தின் மசாகி கிமுரா அதில் மனிதக் கை பட்டிருக்கிறது என்று பல்லாண்டுகளாக வாதிட்டவர். அங்கே மூழ்கிப் பார்த்த புவியியலாளர் ராபர்ட் ஷாக், அது இயற்கையாக உடைந்த மணற்கல் என்றார். என் கண்ணுக்கும் ஷாக் சொன்னதுதான் சரி. அடுக்கடுக்கான மணற்கல்லில் நிலநடுக்க அழுத்தம் ஒன்றுக்கொன்று குறுக்காக வெடிப்புகளைப் போடும். அலை அந்த வெடிப்பு வழியே துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்தால் மிஞ்சுவது படிக்கட்டுதான். கிரீஸின் ஜாகிந்தோஸ் தீவருகே 2 முதல் 5 மீட்டர் ஆழத்தில் கிடந்த 'தூண் அடிகளும் தளக்கற்களும்' இன்னும் விந்தை. 2016இல் வெளியான ஆய்வு, கடலடியிலிருந்து கசிந்த மீத்தேனை நுண்ணுயிர்கள் உண்டபோது படிந்த தாதுக் கட்டிகள் அவை என்று காட்டியது. பல பத்து லட்சம் ஆண்டுகள் பழையவை. அவை உருவானபோது தூண் நிறுத்த மனித இனமே இருக்கவில்லை.

"அப்படியானால் கடலுக்கடியில் மனிதன் கட்டியது எதுவுமே இல்லையா?" என்று கேட்டான். குரலில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். அது இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை.

இருக்கின்றன என்றேன். இஸ்ரேல் கடற்கரைக்கு அப்பால் 8 முதல் 12 மீட்டர் ஆழத்தில் அட்லித் யாம் என்ற கற்காலக் கிராமம் கிடக்கிறது. ஏறத்தாழ 9000 ஆண்டுகள் பழையது. அதைக் கிராமம் என்று சொல்லக் காரணம் கல்லின் ஒழுங்கு மட்டும் இல்லை. கல் அடுக்கிய கிணறு இருக்கிறது, கிணற்றுக்குள் மிருக எலும்பு இருக்கிறது, தானியம் இருக்கிறது, புதைத்த மனிதர்கள் இருக்கிறார்கள். மாமல்லபுரத்தையும் சொன்னேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியபோது முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. மேலே பல்லவர் காலக் கருங்கல், அதற்கு அடியில் அதனினும் பழைய செங்கல் கட்டடம். மனிதன் இருந்த இடத்தில் எழுத்தும் எலும்பும் அடுப்புக் கரியும் உடைந்த ஓடும் கிடக்கும். நேர்கோடு மட்டும் தனியாகக் கிடந்தால் நான் பாறையைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொன்ன நான்தான், மனதுக்குள் அந்தச் சுவரை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தேன். அதற்குள் திரையைப் படமெடுத்து யாரோ வெளியே அனுப்பிவிட்டார்கள். இடம் எது என்பதும் கசிந்துவிட்டது. 'மூழ்கிய நகரம்' என்று பேச்சு பரவியது.

நான்காம் நாள் காலை இறங்கினோம். 17 மீட்டர் ஆழம். நாலு மீட்டருக்கு அப்பால் எல்லாம் பச்சைப் புகை. கல் வரிசை புகைக்குள்ளிருந்து மெல்லத் திரண்டு வந்தபோது என் மூச்சு வேகமானது. சிலிண்டரின் அளவுமுள் அதைக் காட்டிக்கொடுத்தது. அருகிலிருந்து பார்த்தாலும் அழகான வரிசைதான். ஒரு கையுறையைக் கழற்றி, இரண்டு கற்களுக்கு நடுவிலிருந்த இடைவெளிக்குள் விரல்களை விட்டேன். இடப்பக்கக் கல்லில் ஒரு சிறு துருத்தல். வலப்பக்கக் கல்லில் நேர் எதிரே, அதே உயரத்தில், அதே அளவில் ஒரு பள்ளம். கிழித்த காகிதத்தின் இரண்டு பாதிகள். கீழே விரலை இறக்கியபோது, கல்லின் பக்கவாட்டில் நாணயத் தடிமனில் ஒரு சிப்பி அடுக்கு தட்டுப்பட்டது. விளக்கை அதன் மேல் பிடித்தேன். வெள்ளைக் கோடு. அடுத்த கல்லிலும் அதே உயரத்தில் அந்தக் கோடு தொடர்ந்தது. அதற்கடுத்த கல்லிலும். பதினொரு கற்கள் வரை நீந்திப் பார்த்தேன். ஒரே கோடு, எல்லாவற்றிலும் கடல் பக்கமாக ஒரே சரிவு. எந்தக் கொத்தனாராலும் வெவ்வேறு கற்களை அடுக்கி இப்படி ஒரு கோட்டைத் தொடர வைக்க முடியாது. ஒரே தகடாக இருந்தது, அப்படியே வெடித்திருக்கிறது. செங்கோண மூலை என்று நாங்கள் பார்த்ததும் இரண்டு வெடிப்புகள் சந்தித்த இடம்தான்.

பையனின் கையைப் பிடித்து அந்த இடைவெளிக்குள் வைத்தேன். முகமூடிக் கண்ணாடிக்குள் அவன் கண்கள் தாழ்ந்ததைப் பார்த்தேன்.

மேலே ஏற இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. வரிசையைத் தாண்டிக் கரைப்பக்கமாகக் கொஞ்சம் போனேன். சோனார் படத்தில் அந்தப் பகுதி மங்கலான கறையாக இருந்தது. சேறு என்று எல்லோரும் ஒதுக்கியிருந்தோம். சுவரைப் பார்த்த கண்ணுக்குக் கறை எங்கே தெரியும்? கை வைத்தேன். சேறு இல்லை. கரும்பழுப்பான, நார் நாரான, அழுத்தினால் அமுங்கி எழும் மண். அதில் ஓர் இலையின் நரம்பு. நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு கை தூரத்தில் ஓர் அடிமரம் நின்றுகொண்டிருந்தது. எங்கிருந்தோ மிதந்து வந்து ஒதுங்கிய கட்டை இல்லை அது. வேர்கள் எல்லாப் பக்கமும் விரிந்து அந்த மண்ணுக்குள் இறங்கியிருந்தன. வளர்ந்த இடத்திலேயே நின்ற மரம். அதற்கப்பால் இன்னொன்று. புகைக்குள் மூன்றாவது ஒன்றின் நிழல்.

மேலே வந்து படத்தை மறுபடி விரித்தபோதுதான் முழுதாக விளங்கியது. கடற்கரைப் பாறை அலை விளிம்பில்தான் உருவாகும். அது 17 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்றால் ஒரு காலத்தில் கரை அங்கே இருந்திருக்கிறது. கரைக்குப் பின்னால் நன்னீர்ச் சதுப்பு, சதுப்பில் காடு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் நீரைப் பிடித்து வைத்திருந்தபோது உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. பிறகு ஏறிய கடல் ஆங்காங்கே நின்று நின்று கரைகளை அமைத்துவிட்டு, அவற்றையும் மூழ்கடித்து மேலே வந்தது. நாங்கள் சுவர் என்று பெயர் வைத்தது கடல் நின்ற கோடு. ஒரு நகரம் கிடைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இருந்திருக்காது. உண்மையாகவே சொல்கிறேன்.

இப்படி மரங்கள் வெளிப்படுவது முதல்முறை அல்ல. நான் சொன்ன அதே ஐவன் சூறாவளிதான், அமெரிக்காவின் அலபாமா கடற்கரைக்கு அப்பால் சுமார் 18 மீட்டர் ஆழத்தில் 50,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சைப்ரஸ் மரக் காட்டை மூடியிருந்த மணலை அகற்றியது என்று கருதுகிறார்கள். அந்த மரத்தை அறுத்தபோது புது மர வாசனை அடித்ததாம். சேறு சீக்கிரமே மூடிவிட்டால் ஆக்சிஜன் எட்டாது, மரம் கெடாது. மூடி திறந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுக்கள் வந்து சேரும். திறந்து காட்டும் புயலே அழிவையும் தொடங்கிவைக்கிறது.

அதற்கு முன் மனிதர்கள் வந்தார்கள். ஏழாம் நாள் எங்கள் தடத்தருகே மூன்று படகுகள் நின்றன. நகரத்தைப் பார்க்க வந்தவர்கள். கெட்டவர்கள் இல்லை, என் சொல்லை நம்பி வந்தவர்கள். மறுநாள் இறங்கியபோது கல் வரிசையில் புதுக் கீறல்கள் இருந்தன. பாறைக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் நங்கூரம் ஒன்று வரிசைக்குப் பின்னால், அந்த மெத்தை மண்ணின் மேல் இழுபட்டிருந்தது. முழங்கை ஆழத்துக்கு ஒரு சால், பன்னிரண்டு மீட்டர் நீளம். சாலின் முடிவில் நான் முதலில் பார்த்த அடிமரம் வேரோடு புரண்டு கிடந்தது. வேர் முறிந்த இடத்தில் உள்மரம் செம்பழுப்பாக, நேற்று முறிந்த கிளை போல ஈரமாகத் தெரிந்தது. அதைச் சுற்றிச் சின்ன மீன்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. வந்தவர்களில் யாரும் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். அவர்கள் சுவரைத் தேடி வந்தவர்கள்.

அன்றிலிருந்து மூழ்கும் நேரம் முழுவதையும் அளவெடுப்பதற்கே கொடுத்தோம். மரத்துக்கு மரம் எண் கட்டினோம். ஒன்றின் மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் எடுத்து, கணினியில் இணைத்து முப்பரிமாண உருவம் செய்தோம். இங்கிலாந்தின் ஹாப்பிஸ்பர்க் கடற்கரையில் 2013 மே மாதம் செய்ததும் இதைத்தான். அலை அரித்த கரையில் மனிதமூதாதையரின் பாதச் சுவடுகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ எட்டு லட்சம் ஆண்டுகளோ அதற்கும் மேலோ பழையவை, ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவை. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் கடல் அவற்றை அழித்துவிட்டது. மழையில் நின்று படமெடுத்தவர்களால்தான் இன்று அந்தக் கால்விரல்கள் நமக்குத் தெரிகின்றன. புரண்டு கிடந்த மரத்திலிருந்து கையளவு துண்டு எடுக்க அனுமதி கிடைத்தது. காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் கடல்நீர் நிரப்பிய பெட்டியில் வைத்தோம். பையன் தினமும் இரண்டு முறை அந்த நீரை மாற்றினான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் 'மீனை' அதே தடத்தில் கடைசியாக இழுத்தோம். நிழல்கள் குட்டையாகியிருந்தன. முதல் இரவில் 6 மீட்டர் நீண்ட நிழல் இப்போது 1 மீட்டர்கூட இல்லை. செங்கோண மூலை முழுக்க மறைந்துவிட்டது. கறை இருந்த இடத்தில் சின்னச் சின்ன மணல் வரிகள்.

பையன் லாக் புத்தகத்தை எடுத்து முதல் இரவின் பக்கத்தைத் திருப்பினான். எழுதியதை அழிக்கக் கூடாது என்பது விதி. ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். 'சுவர்' என்ற சொல்லின் மேல் கோட்டைக் கிழித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினான். நான் எழுதினேன்: "கல் வரிசை. நீளம் 60 மீட்டர், உயரம் 0.4 முதல் 1 மீட்டர். கரைப்பக்கம் வேருடன் நிற்கும் அடிமரங்கள் 14, சாய்ந்தது 1." கையெழுத்துப் போட்டேன். அவனும் போட்டான்.